கேட்பதற்கு ஒரு ஆள்

பழவங்காடியில் நம் ஆபீஸ் மாடி ஜன்னலைத் திறந்து வைத்தால், கோயில் வாசலில் தேங்காய் உடைபடும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டிருப்பீர்கள். போகப் போகப் பழகிவிடும். அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் என் மேஜை இருந்தது. ஓய்வு பெற்று வலியசாலையில் வீட்டோடு இருக்கும் இந்த நாட்களில், மத்தியானம் கண்ணயரும்போது பல தடவை அந்த மேஜையில்தான் விழித்துக்கொள்கிறேன். வெளியே மழை. போன் அடிக்கிறது. எந்த நாட்டிலிருந்து என்று தெரியவில்லை. எடுப்பதற்குள் உண்மையாகவே விழிப்பு வந்துவிடுகிறது.

உங்களில் பலர் என்னைப் பார்த்ததில்லை. பார்த்த ஒன்றிரண்டு பேர் அக்கா ஸ்தானத்தில் வைத்து சேச்சி என்று கூப்பிட்டீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நம் டிரஸ்டின் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் இங்கேயுள்ள பள்ளிக்கூடங்களுக்கு ஏதாவது செய்ய ஆசைப்படுகிறார்கள். அவர்களையும் பள்ளிக்கூடங்களையும் சேர்த்து வைக்கிறோம். கல்யாணத் தரகு மாதிரிதான். ஆபீஸ் நடைமுறையை மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள், எனக்கு அதில் அவ்வளவு சாமர்த்தியம் போதாது. நான் சொல்ல நினைப்பது வேறு.

வெளியே போனவர்கள் மனசில் பள்ளிக்கூடம் அவர்கள் விட்டுப்போன அன்றைக்கே நின்றுவிடுகிறது. அந்த மாமரம், அந்த மணி, உச்சிவெயிலில் தண்ணீர் குடித்த அந்தக் குழாய். அவர்கள் கொடுக்க நினைப்பதெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு. அது இப்போது எங்கும் இல்லை. இருப்பது வேறொரு பள்ளிக்கூடம், அதில் வேறு பிள்ளைகள். நினைவில் இருப்பதிலிருந்து நிஜத்தில் இருப்பதற்கு அவர்களைக் கைபிடித்துக் கூட்டிவர வேண்டும். தூக்கத்தில் நடக்கிறவர்களை எழுப்புவது போல, மெதுவாக. இதில் அவசரப்பட்டால் அவர்களும் போய்விடுவார்கள், அவர்களோடு உதவியும் போய்விடும்.

பிரேமாவை அப்படிக் கூட்டிவந்த கதை இது.

பிரேமா ஸ்ரீவராகத்துக்காரி. கல்யாணமாகி நார்வேக்குப் போனவள், அங்கேயே படித்து டீச்சரானாள். நார்வேயின் வடகோடியில், கடலோரத்து ஊர் ஒன்றில் வேலை. வாசிக்கத் தடுமாறும் குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுத் தருவதுதான் அவள் தனிப் பயிற்சி. அந்த நாட்டில் நம் பக்கத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் தமிழ் மீடியம் நடக்கும் ஒரு எல்.பி. ஸ்கூலுக்கு, அதாவது நாலாம் வகுப்பு வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு, பெரிய கம்ப்யூட்டர் திரை வைத்த வகுப்பறை ஒன்று கட்டித் தர அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அதற்கு முன்னால் பிரேமா கோடை விடுமுறைக்கு வரும்போது, அங்கேயுள்ள டீச்சர்களுக்கு புது முறையில் வாசிப்புச் சொல்லித்தரப் பயிற்சி கொடுப்பதாக ஏற்பாடு.

அங்கே கோடை, இங்கே ஜூன் மாதத்து எடவப்பாதி மழை. பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை டீச்சர்களையெல்லாம் ஒரு அறையில் உட்கார வைத்து பிரேமா பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். குழந்தைகள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்திருக்கும் படங்கள், தாழ்ந்த அலமாரிகள், ஜன்னலுக்கு வெளியே பனி. மழைச் சத்தத்தில் அந்தப் படங்களைப் பார்க்கையில் எனக்கே ஏதோ கதைப்புத்தகத்துக்குள் போய்விட்டது போலிருந்தது.

பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து சரோஜம் டீச்சர் எழுந்தார். நாலாம் வகுப்பு டீச்சர். பூர்வீகம் நாஞ்சில் நாடு, அந்தப் பள்ளியிலேயே அதிக வருஷம் இருந்தவர்.

"மேடம் சொன்னது எல்லாம் ரொம்ப நல்லா இருந்து. எனக்கு ஒரு சம்சயம். உங்க கிளாஸ்ல எத்தனை பிள்ளைய இருக்கு?"

"பதினாறு" என்றாள் பிரேமா. "கூட உதவிக்கு இன்னொரு டீச்சரும் உண்டு."

"எனக்கு அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல உண்டு. கூட உதவிக்குன்னு பாத்தா, தட்டிக்கு அந்தப் பக்கம் மூணாம் கிளாஸ் உண்டு. அவ்வளவுதான்." யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "நான் குத்தமா சொல்லல்ல. திங்கக்கிழமை நீங்க வந்து என் கிளாஸை எடுத்துக் காட்டுங்கோ. நான் வெளிய நின்னு பாத்துப் படிச்சுக்கிடுதேன்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் நம்மைப் பார்க்கும் இந்த நிமிஷம் உங்களுக்கும் வரும். "நேரமாயிடுத்து, சாயா குடிச்சிட்டுப் பேசலாமே" என்று நான் சொல்லியிருக்கலாம். பேச்சு அதோடு கலைந்திருக்கும். ஆனால் டீச்சரின் குரலில் கோபம் இருந்ததே தவிர, அவர் கேட்டது நியாயமான கேள்வி. கோபத்தோடு வரும் கேள்வியை நாம் பெரும்பாலும் கோபமாக மட்டும் எடுத்துக்கொண்டு மழுப்பிவிடுகிறோம். அப்புறம் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது. பிரேமாவைப் பார்த்தேன். காது சிவந்திருந்தது. ஆனாலும் லேசாகத் தலையசைத்தாள்.

"திங்கக்கிழமை முதல் பீரியட் சௌகரியப்படுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

இதைக் கேட்டு நம் செக்ரட்டரிக்கு ஒரே உற்சாகம். அவர் கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் விழாவாகப் பார்க்கிறவர், அவ்வளவுதான். "சங்கத்துக்காராளுக்கு போன்ல நேரடியாக் காட்டிடலாம் மைதிலி. நம்ம பிரேமா கிளாஸ் எடுக்கறதை அவா வீட்டிலேருந்தே பாக்கட்டும்" என்றார். அப்படியே ஏற்பாடாயிற்று.

திங்கட்கிழமை காலையில் வானம் இருண்டு கொட்டித் தீர்த்தது. நார்வேயில் அப்போது அதிகாலை. கோடையில் அந்த வடகோடியில் இரவே கிடையாது என்பதால் அதை அதிகாலை என்று சொல்லலாமா என்பதே சந்தேகம். வெயிலடிக்கும் ஏதேதோ வீடுகளில் சிலர் காபியோடு உட்கார்ந்து எங்கள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் விளிம்பெல்லாம் ஈரமாக இருந்ததால் ஆபீஸ் போனை நான் ஒரு முக்காலியில் வைத்து, தண்ணீர் பாட்டிலில் சாய்த்து நிறுத்தினேன்.

பிரேமா உள்ளே போனாள். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளச் சொன்னாள். அந்த வார்த்தைக்கே காத்திருந்தது போல வகுப்பு பொங்கியது. பெஞ்சை இழுக்கும் சத்தம், அதில் ஏறிக் குதிக்கும் சத்தம், தட்டிக்கு அந்தப் பக்கம் மூணாம் வகுப்பின் வாய்ப்பாடு, ஓட்டின் மேல் மழை. அவள் கொண்டுவந்திருந்த அழகான புத்தகங்களைத் தரையில் பரப்பி, "உங்களுக்குப் பிடிச்சதை எடுத்துண்டு எங்க வேணும்னாலும் உட்காரலாம்" என்றாள். எங்கே வேண்டுமானாலும் என்பதைப் பிள்ளைகள் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் மேஜை மேல் ஏறினார்கள். நாலைந்து பேர் வாசல் வழியாக மழைக்கே போய்விட்டார்கள். ஒரு புத்தகத்தை மூன்று பேர் இழுத்ததில் அட்டை தனியாக வந்தது.

பிரேமா மெல்லிய குரலில் பேசப் பழகியவள். அந்தக் குரல் அவளுக்கே கேட்டிருக்காது. குரலை உயர்த்தினாள். பிறகு இன்னும் உயர்த்தினாள். கடைசியில் அவளையும் மீறி ஒரு கத்தல் வந்தது. வந்த வார்த்தை தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை.

"ஸ்டில்ல!"

அமைதி என்று அர்த்தமாம், அவர்கள் ஊர் மொழியில். பிள்ளைகளுக்கு அது தேனாக இனித்தது. "ஸ்டில்ல! ஸ்டில்ல!" என்று வகுப்பு முழுக்கக் கோஷம் போட ஆரம்பித்தது. தட்டிக்கு அப்பால் மூணாம் வகுப்பும் சேர்ந்துகொண்டது.

என் சொந்தப் போன் அதிர்ந்தது. செக்ரட்டரி. அவரும் ஆபீஸில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கட் பண்ணு மைதிலி! மானம் போறது. உடனே கட் பண்ணு!"

முக்காலியில் இருந்த போனை நோக்கிக் கையை நீட்டினேன். ஒரு தொடல், அவ்வளவுதான். நெட் போய்விட்டது என்று சொன்னால் மழைக்காலத்தில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அப்போது பிரேமா என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அவள் முகத்தில் கெஞ்சல் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. "வேண்டாம் மைதிலி, இருக்கட்டும்" என்று அந்த இரைச்சலில் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது.

கையை எடுத்துக்கொண்டேன். ஒரு நொடியில் என்னவெல்லாமோ தோன்றியது. போனை அணைத்துவிட்டால் அங்கே இருப்பவர்களின் நினைவில் இந்த வகுப்பு இன்னொரு அழகான படமாகத் தங்கிவிடும். அந்தப் படத்துக்குத்தான் திரை வாங்கித் தருவார்கள். இந்தப் பிள்ளைகளை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். நம் தொழிலில் தோல்வியை மறைப்பது மிகவும் எளிது. தூரம் அதற்கு உதவுகிறது. எளிதாக இருக்கும்போதுதான் யோசிக்க வேண்டும்.

இவ்வளவு நேரமும் வாசலில் நின்றிருந்த சரோஜம் டீச்சர் உள்ளே வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நிலைப்படியைத் தாண்டினதும் கோஷம் நின்றது. மேஜை மேலிருந்தவர்கள் இறங்கினார்கள். மழையிலிருந்தவர்கள் சொட்டச் சொட்ட வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். பிரேமா ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டீச்சரின் முகத்தில் ஜெயித்த களை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. களைப்புதான் இருந்தது.

அன்று மத்தியானம் நார்வேயிலிருந்து போன் வந்தபோது, சங்கம் விலகிக்கொள்வதைச் சொல்லத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். பேசியவர் சிவன்பிள்ளை. சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர், அங்கே கப்பலில் எஞ்சினீயர்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். அந்தக் கடைசி பெஞ்சுக்கு அடியில ஒரு பெண்பிள்ளை இருந்துச்சே, அது யாருக்கு வாசிச்சுக்கிட்டு இருந்தது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பெஞ்சுக்கு அடியிலா?"

"ஆமா. நான் அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இத்தனை பேரு கூப்பாடு போடுதாங்க, அந்தப் பிள்ளை மட்டும் புத்தகத்தை வச்சு வாயசைச்சுக்கிட்டே இருந்து."

நானும் பிரேமாவும் சரோஜம் டீச்சரும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து காலையில் பதிவானதைப் போட்டுப் பார்த்தோம். நின்றுகொண்டிருந்த எங்கள் கண்ணுக்குப் படாதது, முக்காலி உயரத்தில் இருந்த போனுக்குத் தெரிந்திருக்கிறது. கால்களின் காட்டுக்கு அப்பால், சுவரோரம், பெஞ்சின் நிழலில் ஒரு சிறுமி. மடியில் புத்தகம். எதிரே மழைக்கு ஒதுங்கி வந்த பூனைக்குட்டி ஒன்று நனைந்த பஞ்சு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அவள் விரலை வரியில் ஓட்டுகிறாள், நிறுத்துகிறாள், குட்டியைப் பார்க்கிறாள், மறுபடி ஓட்டுகிறாள். சத்தம் கேட்கவில்லை. ஆனால் வாசிக்கிறாள் என்பதில் சந்தேகமே இல்லை.

சரோஜம் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது செல்வியாக்கும். நாலு வருஷமா இந்த ஸ்கூல்ல இருக்கா. ஒருத்தர் முன்னாலயும் ஒரு வரி வாசிச்சதில்ல. எழுத்தே தெரியாதுன்னுதான் நான் நினைச்சிருந்தேன்."

மழை விட்டு, ஓட்டிலிருந்து சொட்டுகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன.

"மேடம்" என்றார் டீச்சர், பிரேமாவிடம். "நான் உள்ள வந்ததும் பிள்ளைய அடங்கினது நீங்க பாத்தியள்லா? அது படிப்பு இல்ல கேட்டேளா, பயம். எங்கிட்ட ஒருத்தரும் சத்தம் போடமாட்டா. பாதிப் பேரு வாசிக்கவும் மாட்டா. உங்ககிட்ட வந்தா ஆடித் தீக்குதா. ரெண்டும் கொள்ளாது, நல்லதில்ல. எனக்கு இது ரொம்ப நாளாத் தெரியும். வெளிய இருந்து வந்தவங்க வாயால கேக்கப் பிடிக்கல்ல, அதாக்கும் சனிக்கிழமை அப்படிப் பேசினேன்."

பிரேமா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நார்வேலயும் மொத வருஷம் எனக்கு இப்படித்தான் ஆச்சு டீச்சர். அப்பறம் மறந்தே போச்சு. இங்க வந்து பேசறச்சே அதெல்லாம் ஞாபகத்துக்கு வரமாட்டேங்கறது."

"நாளைக்கும் வாறியளா?"

"வரேன். ஆனா கிளாஸ் நீங்க எடுங்கோ. நான் செல்வியோட பெஞ்சுக்கு அடியில உட்கார்ந்துக்கறேன்."

சிரித்தோம். ஆனால் அவள் சொன்னபடியே செய்தாள். விடுமுறை முடியும்வரை தினமும் வந்தாள். வராந்தா மூலையில் பாயை விரித்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். சொல்லித்தருவதை விட்டுவிட்டாள். கேட்க மட்டும் செய்தாள். தப்பாக வாசித்தாலும் திருத்தவில்லை, விக்கினாலும் எடுத்துக் கொடுக்கவில்லை. பிள்ளை தானாகவே திரும்பிப் போய்ச் சரியாக வாசித்தால், "அப்பறம் என்னாச்சு?" என்பாள், அவ்வளவுதான். பூனைக்குட்டி செய்ததும் அதுதான் என்று என்னிடம் சொன்னாள். நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆள் உண்டு, பரீட்சை வைக்க ஆள் உண்டு. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. வீட்டில் அம்மாவும் அப்பாவும் கடைவேலை முடிந்து வரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள்.

அவள் திரும்பிப் போகும் நாள் நெருங்கியபோது, இதை யார் தொடர்வது என்ற கேள்வி வந்தது. பதில் சொன்னது சிவன்பிள்ளைதான். "நாங்க இங்கயிருந்தே போன்ல கேக்குதோம். ஒவ்வொருத்தரும் ஒரு பிள்ளைக்கு. இதுக்கு வாத்தியார் வேண்டாமே, காது இருந்தா மதியே, அது போதும்."

செக்ரட்டரி தலையில் கை வைத்துக்கொண்டார். "காது கொடுத்தான்னு கல்வெட்டு வைக்க முடியுமா மைதிலி? கிடைக்கிற திரையை வாங்கிப் போடறதை விட்டுட்டு!" நான் வாதாடவில்லை. "திரை எங்கயும் போகாது சார். அதுல யார் முகம் தெரியணும்னு முதல்ல தீர்மானிக்கலாம்" என்றேன். கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தார். சங்கத்திலும் பலர் கட்டிடம் இல்லையென்றதும் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒரு சிலர் மிச்சமானார்கள். ஆரம்பிக்க ஒரு சிலர் போதும்.

சரோஜம் டீச்சர் நிபந்தனைகள் போட்டார். வகுப்பு முடிந்தபின் பள்ளியில் வைத்துத்தான், டீச்சர்கள் இருக்கும்போதுதான். எந்தப் புத்தகம் என்பதை டீச்சர் தீர்மானிப்பார். யாரும் திருத்தக்கூடாது, பரிசு அனுப்பக்கூடாது. அங்கே கேட்கப்போகிறவர்களைப் பிரேமா தயார் செய்தாள்.

இது நீங்கள் நினைப்பதைவிடக் கஷ்டம். பெரிய படிப்புப் படித்த ஒருவர், கேட்பவராகச் சேர்ந்தவர், ஒரு பையனை ஒவ்வொரு வார்த்தையிலும் நிறுத்தித் திருத்திக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அந்தப் பையன் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டுக்கு ஓடிவிட்டான். அவரிடம் என்ன சொல்வது? பெரியவர், அன்பானவர், நல்லது செய்வதாகவே நம்புகிறவர். பிரேமாவிடம் யோசனை கேட்டேன். அவள் அவரைத் தன் பள்ளிக்கு ஒரு நாள் அழைத்து, ஐந்து வயது நார்வேக் குழந்தை ஒன்றுக்கு அவர்கள் மொழிக் கதைப்புத்தகத்தை வாசித்துக் காட்டச் சொன்னாள். உச்சரிப்புக்கு அந்தக் குழந்தை விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. அன்று மாலை அவரே எனக்குப் போன் செய்தார். "எனக்கு வயிறு வலித்ததம்மா" என்றார். அதன் பிறகு அவரைப்போல் பொறுமையாகக் கேட்டவர் யாரும் இல்லை.

செல்விக்கு யார் என்பதில் கேள்வியே எழவில்லை. அவளை முதலில் பார்த்தவரே அவளுக்குக் கிடைத்தார். சிவன்பிள்ளை கப்பலில் சில வாரம், வீட்டில் சில வாரம் என்று இருப்பவர். பிரேமா இருந்த அதே ஊரில்தான் அவர் வீடும். வீட்டில் இருக்கும் நாட்களில் எங்கள் மாலை நேரத்தில், அதாவது அவருக்குப் பகல் பொழுதில், நான் கொண்டுபோகும் ஆபீஸ் லேப்டாப்பின் திரையில் வந்து உட்காருவார்.

செல்வி வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு திரையைப் பார்ப்பாள். அவரும் ஒன்றும் கேட்கமாட்டார். கறுப்புக் காப்பியைக் குடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருப்பார். நேரம் முடிந்ததும், "சரி மக்கா, நாளைக்குப் பாப்போம்" என்பார். நாட்கள் இப்படிப் போயின. என் மேஜைக்கு வந்து, "சேச்சி, இது வெறும் நேர விரயம்" என்று அன்றைக்கு உங்களைப்போல் இளையவராக இருந்த ஒருவர் சொன்னார். எனக்கும் அந்த பயம் இருந்தது. இருந்தாலும் அந்த மனிதர் காத்திருக்கிற விதம் எனக்கு நம்பிக்கை கொடுத்தது. சில பேர் காத்திருக்கும்போது நம்மை அவசரப்படுத்துவார்கள். அவர் அப்படி இல்லை. துறைமுகத்தில் கப்பலுக்காக நிற்பவர் மாதிரி, வருவது வரும்போது வரட்டும் என்று இருந்தார்.

கார்த்திகை பிறந்தது. அங்கே சூரியன் வருவதே நின்றுபோனது. அவர் ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகலில் ஒரு நீல நிறம் மட்டும் இருக்கும். கடல் எது, பனி எது, வானம் எது என்று தெரியாது. அறையில் ஒரு விளக்கு. எங்கள் பக்கம் மழை ஓய்ந்து, மஞ்சள் வெயில் வராந்தாவில் நீளமாக விழுந்திருக்கும். இரண்டும் ஒரே நேரம் என்பதை நம்பவே முடியாது. யாருடைய கனவுக்குள் யார் உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றும்.

அப்படி ஒரு மாலையில் செல்வி கேட்டாள். அவள் குரலை நான் முதன்முதலில் கேட்டது அன்றைக்குத்தான்.

"மாமா, அங்க ஏன் எப்பவும் இருட்டாவே இருக்கு?"

சிவன்பிள்ளை காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். ஆச்சரியப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "இங்க இப்ப பகலு மக்கா. சூரியன் வரல்ல, அவ்வளவுதான்."

"எப்ப வரும்?"

"பொங்கல் சமயத்துல தலையைக் காட்டும்."

செல்வி ஜன்னலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"அது வரைக்கும் நான் வாசிச்சுக் காட்டட்டா?"

"காட்டு மக்கா" என்றார்.

அன்றிலிருந்து அவள் நிறுத்தவில்லை. முதலில் எழுத்துக் கூட்டி, தடுக்கி, பெருமூச்சு விட்டு. பிறகு வரி வரியாக. பிறகு கதை பாதியில் நின்றால் கோபம் வரும் அளவுக்கு. பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்துவதாகச் சொல்லி உட்கார்ந்திருக்கும் சரோஜம் டீச்சர் ஒரு தாளையும் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருப்பார். வகுப்பிலும் அவர் குரல் தணிந்திருந்தது. தினமும் கடைசி பீரியடில் பாய் விரித்து அவரும் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். கால் வலிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டேதான், ஆனாலும் உட்கார்ந்தார்.

வெளிநாட்டு உதவி இங்கே என்ன செய்தது என்று யாராவது உங்களைக் கேட்டால் இதைச் சொல்லுங்கள். செல்வி இப்போது பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள், வாசிக்கிறாள், வாயாடுகிறாள். சங்கம் பிறகு திரையும் கொடுத்தது. டீச்சர்கள் எங்கே வைக்கச் சொன்னார்களோ அங்கேதான் வைத்தோம். செக்ரட்டரிதான் அதைத் திறந்து வைத்தார், சந்தோஷமாக.

ஆனால் எனக்கு மறக்காத நாள் வேறு. மார்கழியில் ஒரு மாலை. சிவன்பிள்ளையின் மகள் நிலா அங்கேயே பிறந்தவள், செல்வியைவிட ஒரு வயது சின்னவள். தமிழ் கேட்டால் கொஞ்சம் புரியும், பேச மாட்டாள், எழுத்தே தெரியாது. சொல்லித்தர எத்தனையோ தடவை முயன்று, அழுகையில் முடிந்து, அவர் விட்டுவிட்டதாக ஒருநாள் பேச்சுவாக்கில் என்னிடம் சொல்லியிருந்தார். அன்றைக்கு அவளுக்கு லேசாகக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகவில்லை. செல்வி வாசித்துக்கொண்டிருக்கும்போது அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கம்பளியைச் சுற்றிக்கொண்டு மெல்ல வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தது. கதை முடியும்வரை நகரவில்லை.

முடிந்ததும் அப்பாவின் காதில் என்னவோ சொன்னாள்.

"உன் பேரை எப்படி எழுதணும்னு கேக்கா" என்றார் சிவன்பிள்ளை.

செல்வி ஒரு தாளில் தன் பெயரைப் பெரிதாக எழுதி, திரைக்கு நேரே பிடித்தாள். நிலா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். உள்ளே சூடு, வெளியே பனி. கண்ணாடி ஆவி படிந்து வெளுத்திருந்தது. அதில் விரலால் எழுத ஆரம்பித்தாள். கோடு போன இடத்தில் வெளியே இருந்த நீலம் தெரிந்தது.

"அய்யோ, கொம்பு முன்னாடி வரணும்" என்று செல்வி கத்தினாள். "நீ பின்னாடி போட்டுட்ட. சொல்லும்போது 'ச'தான் முதல்ல வரும், எழுதும்போது கொம்புதான் முதல்ல."

நிலா திரும்பிப் பார்த்தாள். "ஏன்?" என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள்.

செல்வி யோசித்தாள். வாசலில் நின்றிருந்த சரோஜம் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வாயை மூடிக்கொண்டார். "நீயே சொல்லு மோளே" என்பது போலத் தலையை மட்டும் ஆட்டினார். திரையில் சிவன்பிள்ளையும் நாற்காலியை விட்டு எழுந்து, அடுக்களைப் பக்கம் போவது தெரிந்தது.

டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வாங்கோ, நாம வெளிய நிப்போம். இங்க இனி நமக்கு ஒரு ஜோலியும் இல்ல."

வராந்தாவில் போய் நின்றோம். கோட்டைக்கு மேலே பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. உள்ளே இரண்டு குழந்தைகளும் எதற்கோ சேர்ந்து சிரித்தார்கள். எதற்கென்று நாங்கள் போய்ப் பார்க்கவில்லை.